மூளையா, புருவமா?

2009-ல் மேட்டல் நிறுவனம் 'மைண்ட்ஃபிளெக்ஸ்' என்றொரு பொம்மை விட்டது. நெற்றியில் பட்டை, காதுகளில் கிளிப். மனதைக் குவித்தால் விசிறிக் காற்று கூடி, குட்டிப் பந்து மேலே எழும்பும். கேட்கவே ஜோராக இருக்கிறது, இல்லையா?

ஆனால் மண்டைத் தோலுக்கு வந்துசேரும் மூளையின் மின்னலைகள் மைக்ரோவோல்ட் கணக்கில்தான் இருக்கும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையிலிருந்து வருவது அதைவிடப் பல மடங்கு பெரியது. நண்பர் வைத்திருந்த ஒரு நெற்றிப்பட்டையை மாட்டிப் பார்த்தேன். பதினேழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் ஓட்டினேன். திரையில் கோடு சும்மா நெளிந்தது. புருவத்தைத் தூக்கினேன், துள்ளிக் குதித்தது! 2008-ல் வந்த ஓசிஇசட் நிறுவனத்தின் 'நியா' நெற்றிப்பட்டை இந்த விஷயத்தில் நேர்மை. தசை, கண்ணசைவு, மூளை மூன்றையும் படிக்கிறேன் என்று சொல்லித்தான் விற்றார்கள்.

தசையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஸ்டீபன் ஹாக்கிங் பல வருடம் தட்டச்சு செய்தது கன்னத்துத் தசையால்தான். அதைக் கவனித்தது கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி.

நியூராலிங்க் நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்கு மூளையில் சிப் பொருத்தியது. தோளுக்குக் கீழே அசைவில்லாத அவர் நினைத்தே செஸ் ஆடினார். அது வேறு கதை, மண்டையோட்டைத் திறக்க வேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு மணிக்கட்டுதான் சரியான இடம் என்பது என் கட்சி. 2025-ல் மெட்டா நிறுவனம் தன் திரைக் கண்ணாடியோடு கொடுத்த மணிக்கட்டுப் பட்டை அப்படித்தான் விரல் அசைவைத் தசை மின்சாரத்தில் படிக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு சாம்பார் சாதம் பிசைந்தால் என்னவாகும் என்று யாராவது பார்த்துச் சொல்லுங்களேன்.