கடற்கரை வீட்டில் மூன்று இரவுகள்

முதலிலேயே உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். சென்ற மே மாதம் குடும்பத்துடன் நாகூர் சென்றேன். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் "ஜியாரத்துக்குப் போகிறோம்" என்றே சொல்லியிருந்தேன். அது முழு உண்மையன்று.

எங்கள் ஊர் மூங்கில்துறைப்பட்டு. பெயரில் துறை உண்டு. ஆனால் சாத்தனூர் அணையில் நீர் திறந்தால்தான் தென்பெண்ணையில் நீரைப் பார்க்க முடியும். சர்க்கரை ஆலையும் கரும்பு வண்டிகளும் சூழ்ந்த ஊர். திருமணமாகிப் பதினேழு ஆண்டுகளில் என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: "கடலோரமாக ஒரு வீட்டில் நாலு நாள் இருக்க வேண்டும். ஒரு வேலையும் இல்லாமல் இருக்க வேண்டும்." அதற்காக இரண்டாண்டு சீட்டுக் கட்டினோம். பணம் கைக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டது வெட்கம். ஜமாஅத்தின் சந்தாவில் சம்பளம் வாங்கும் மதரஸா ஹஜ்ரத் கடற்கரைக்கு உல்லாசமாகப் போனார் என்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ஜியாரத் என்று சொல்லிவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் அல்லவா?

திருக்கோவிலூர், விழுப்புரம், கடலூர், சிதம்பரம் எனப் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தபோது அஸர் நேரம் கடந்துவிட்டது. நாங்கள் தங்கியது தினவாடகைக்கு விடப்படும் ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு முற்றம், சற்றே உப்புக் கரிக்கும் கிணறு. வாடகை நாளொன்றுக்கு 1,200 ரூபாய். சோறும் மீன் ஆணமும் வீட்டுக்கார அம்மையாரே சமைத்துக் கொடுத்தார். என் பிள்ளைகள் என்னை அத்தா என்று அழைப்பதைக் கேட்டு, "வாப்பாவைத்தானே சொல்றீங்க?" என்று சிரித்தார்.

பின்புறம் கடலைப் பார்த்தபடி ஒரு கதவு இருந்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கதவின் வழியாகத்தான் தண்ணீர் வந்ததாம். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரை அன்று கடல் கொண்டுபோயிற்று. அம்மையாரின் வீட்டார் உயிர் பிழைத்தார்கள். ஆனால் நான்கு ஆண்டுகள் அவர் அந்தக் கதவைத் திறக்கவில்லை. "இப்போ வாடகைக்கு வர்றவங்க முதல்ல கேக்குறதே அந்தக் கதவைத்தான்" என்றார். நாங்களும் அதைத்தான் கேட்டிருந்தோம்.

மறுநாள் சுப்ஹுக்குப் பின் ஆளரவமற்ற கரைக்குச் சென்றோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளின் இரைச்சல் இல்லை. மனைவி கணுக்கால் நனைய நின்றவள், அலை திரும்புகையில் காலடி மணல் நழுவியதும் என் கையைப் பற்றிக்கொண்டு உரக்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

பன்னிரண்டு வயது மகள், "அத்தா, இந்தக் கடல்ல போனா எங்கே போகலாம்?" என்றாள். கல்லூரியில் வரலாறு படித்தவனல்லவா, ஆரம்பித்துவிட்டேன். வடக்கே சில மைல் தொலைவில்தான் காரைக்கால். 1848-இல் பிரெஞ்சுக்காரர்கள் தம் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தபின், கரீபியன் தீவுகளில் கரும்பு வெட்ட ஆள் தேவைப்பட்டது. 1853-இல் புதுச்சேரியிலிருந்து முதல் கப்பல் மார்த்தினிக் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு குவாதலூப்புக்கு. பின்னர் காரைக்காலிலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர். ஐந்தாண்டு ஒப்பந்தம். மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேர், குவாதலூப்புக்கு 42,000 பேர் போனார்கள். பலர் ஊர் திரும்பவே இல்லை. பெரும்பாலும் இந்துக்களான அவர்களின் வழிவந்தோர், கடல் கடக்கையில் காத்தவர் என்று நாகூர் மீரானின் பெயரை இன்றும் தங்கள் கோயில்களில் சொல்லிக் கொடியேற்றுகிறார்கள்.

"நம்ம ஊர் ஆலைக்கு வெட்டுற மாதிரி கரும்பா?" என்றாள் மகள். அதே கரும்புதான். இப்போது அத்தீவுகளின் கடற்கரை வீடுகளில் பிற நாட்டார் வாரக் கணக்கில் வாடகை கொடுத்து ஓய்வெடுக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். கரும்பு வெட்டப் போனவர்கள் அந்தக் கரையில் ஒரு நாளாவது சும்மா உட்கார்ந்திருப்பார்களா என்று மனைவி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று ளுஹரை வீட்டிலேயே ஜமாஅத்தாகத் தொழுதோம். பயணிகளாதலால் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கிக் கஸர் செய்தேன். இந்தச் சலுகையைப் பாடமாக எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஆனால் ஊரைவிட்டு நகராத எனக்கு அதைப் பயன்படுத்தும் வாய்ப்பு அரிது. ஸலாம் கொடுத்ததும் மகள் கேட்டாள்:

"அத்தா, சுத்திப் பாக்க வந்தவங்களுக்கும் கஸர் உண்டா?"

"ஆகுமான பயணம் எதற்கும் உண்டு."

"அப்போ இது ஆகுமான பயணந்தானே? பிறகு ஏன் எல்லார்கிட்டயும் ஜியாரத்துன்னு சொன்னீங்க? தர்கா இருக்கிற தெருவுக்கே நாம இன்னும் போகலையே!"

பொய் பற்றிய பாடத்தை அவளுக்கு நடத்தியவனும் நான்தான். மனைவி ஒன்றும் பேசாமல் தொழுகை விரிப்பை மடித்தாள். மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனபோது, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிய 131 அடி மனாரா எதிரே நின்றது. அதைப் பார்க்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் தர்காவுக்கும் போய்வந்தோம். அந்தச் சிறிது நேரத்தை வைத்துக்கொண்டு, சொன்னதை மெய்யாக்கிவிட்டேன் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் பள்ளிவாசல் வாயிலில் ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஜியாரத் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா ஹஜ்ரத்?" மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றிருந்தாள்.

"ஜியாரத்தும் செய்தோம். ஆனால் போனது கடலைப் பார்க்க. கரையோரமாக வீடு எடுத்து மூன்று நாள் சும்மா இருந்துவிட்டு வந்தோம்" என்றேன்.

பெரியவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "வாடகை என்ன ஆச்சு? என் வீட்டுக்காரியும் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார்.