கிரைண்டர் சிடி

போன மாசம் தீபாவளிக்கு முன்னாடி கோயமுத்தூர்ல மாமா வீட்டுப் பரணைச் சுத்தம் பண்ணப் போனேன். ஏணியில் ஏறினது நான். கீழே நின்னு "அதைத் தூக்கிப் போடு, இதைத் தூக்கிப் போடு"ன்னு உத்தரவு போட்டது அத்தை. ஓரத்தில் பழைய நாளிதழ் சுத்தின ஒரு அட்டைப்பெட்டி. பிரிச்சா ரெட் ஹாட் லினக்ஸ், 1997-ஆம் வருஷத்துப் பெட்டி!

பொட்டி தட்டிப் பிழைக்கிறவனுக்கு இது புதையல் இல்லையா? கத்திட்டேன். அத்தை நிமிர்ந்து பார்த்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "ஓ... கிரைண்டர் சிடியா? இன்னும் அது இருக்குதா?"

அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

மாமா அப்போ ஒரு மில்லில் கணக்கு எழுதிட்டு இருந்தார். நிரல் எழுதக் கத்துக்கிட்டு வெளியே வந்துடணும்னு ஆசை. பழைய கணினி ஒண்ணு வாங்கி லினக்ஸ் போட்டார். கறுப்புத் திரையில் எழுத்து வந்துச்சு. ஜன்னல், சுட்டி, படம் எதுவும் வரலை. லினக்ஸில் இதையெல்லாம் காட்டுறது எக்ஸ் சர்வர்ங்கிற தனி மென்பொருள். இலவசமா கிடைச்சது எக்ஸ்ஃப்ரீ86. அதுக்கு மாமாவோட வீடியோ கார்டைத் தெரியலை. 640க்கு 480, பதினாறே வண்ணம், அதுக்கு மேல் கிடையாது.

அந்தக் காலத்தில் இது சகஜமாம். சில கார்டு தயாரிப்பாளர்கள் உள்விவரம் தர மாட்டாங்க. ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து போட்டாத்தான் தருவாங்க. மூலநிரலை ஊருக்கே திறந்து வைக்கிறவங்க அப்படி எப்படிக் கையெழுத்து போட முடியும்? ஆனா காசுக்கு விற்கிற கம்பெனிகள் போடலாம். அதனால எக்ஸ் சர்வரைக் காசு கொடுத்து வாங்குற சந்தையே ஒண்ணு இருந்துச்சு. முக்கியமா ரெண்டு பேர். டென்வரில் இருந்த எக்ஸ்ஐ கிராபிக்ஸோட ஆக்சிலரேட்டட்-எக்ஸ், ஃப்ளோரிடாவில் இருந்த மெட்ரோ லிங்க்கோட மெட்ரோ-எக்ஸ்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆக்சிலரேட்டட்-எக்ஸின் பின்னால் இருந்த தாமஸ் ரோல்தான் முதலில் எக்ஸ்386-ஐ எழுதினவர். அது 1991-ல் எக்ஸ்11-ன் ஐந்தாம் வெளியீட்டோடு இலவசமா வந்துச்சு. பிறகு எக்ஸ்386 காசுக்குப் போனதும், இலவசப் பதிப்பைத் தொடர்ந்தவங்க 'த்ரீ'யை 'ஃப்ரீ' ஆக்கி எக்ஸ்ஃப்ரீ86-ன்னு பேர் வச்சாங்க. குசும்பு :-)

சரி, மாமா எதை வாங்குறது? ரெண்டுமே தனியா வாங்கினா சுமார் 100 டாலர். அமெரிக்காவில் இருந்த சிநேகிதர் ரெண்டு கம்பெனியோட கார்டு பட்டியலையும் அச்சடிச்சு ஏர்மெயிலில் அனுப்பினார். மாமா அடிக்குச்சி வச்சு வரி வரியா பார்த்தாராம். கார்டு பேர் ரெண்டிலும் இருந்துச்சு. "வேகத்துக்கு ஆக்சிலரேட்டட்-எக்ஸ்"னு சிநேகிதர் எழுதியிருந்தார். ஆனா ரெட் ஹாட் பெட்டிக்குள்ளேயே மெட்ரோ-எக்ஸ் சேர்ந்து வருது, விலை 50 டாலர்தான். அன்னைக்குக் கணக்குக்கு 1,800 ரூபாய்.

அந்த 1,800 ரூபாய் வீட்டில் இருந்துச்சு. அத்தை கிரைண்டருக்காகச் சீட்டுப் போட்டு எடுத்த பணம்.

"கேட்டுத்தான் எடுத்தேன் மாப்ள"ன்னார் மாமா.

"எடுத்துட்டுத்தான் கேட்டீங்க"ன்னாங்க அத்தை. அப்புறமும் ஒண்ணரை வருஷம் ஆட்டுக்கல்லில்தான் மாவாட்டினாங்களாம்.

பெட்டி வந்துச்சு. மெட்ரோ-எக்ஸ் நிறுவினதும் 1024க்கு 768-ல் திரை பளிச்சுன்னு எழுந்துச்சு. மாமா ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து எக்ஸ் நிரல் எழுதக் கத்துக்கிட்டார். பதினாலு மாசம். ஒரு நாள் இடி விழுந்து கார்டு போச்சு. கையில் சிக்கின பழைய கார்டு ஒண்ணை வாங்கி மாட்டினா, பட்டியலில் அது இல்லை. அதுக்குள்ள எக்ஸ்ஃப்ரீ86-ன் புதுப் பதிப்பில் அந்தக் கார்டு வந்திருந்துச்சு. கல்லூரிப் பையன் ஒருத்தன் சிடியில் சும்மா எழுதிக் கொடுத்தான். 1,800 ரூபாய் பரணுக்குப் போச்சு.

"அப்போ வேஸ்ட்தானே மாமா?"ன்னு கேட்டேன். அத்தை கரண்டியோட வாசல்படியில் வந்து நின்னாங்க. பதிலுக்கு அவங்களும் காத்திருந்த மாதிரி இருந்துச்சு.

மாமா யோசிச்சு சொன்னார். "சாமான் வாங்கினதா நினைச்சா வேஸ்ட்தான். நான் வாங்கினது பதினாலு மாசம். இலவசம் வரட்டும்னு காத்திருந்தா இன்னும் மில்லு கணக்குதான் எழுதிட்டு இருப்பேன்." 1999-ல் அவருக்கு மென்பொருள் வேலை கிடைச்சது அந்த ராத்திரிகளால்தான்.

ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. மடிக்கணினியை எடுத்து எக்ஸ்.ஆர்க் சர்வரோட மூலநிரலைத் திறந்தேன். தேவையான டிரைவரை மட்டும் ஏற்றுற பகுதி, லோட்மாட்.சி. தலைப்பிலேயே இருக்கு: காப்புரிமை 1995-1998, மெட்ரோ லிங்க்.

அதாவது, அவங்க விற்பனைச் சரக்கில் இருந்த மாட்யூல் ஏற்றியை எக்ஸ்ஃப்ரீ86-க்குக் கொடுத்துட்டாங்க. அதுவரைக்கும் கார்டு வகைக்கு ஒரு சர்வர்னு தனித்தனியா இருந்தது, 2000 மார்ச்சில் வந்த 4.0-ல் ஒரே சர்வர் ஆச்சு. 2004-ல் உரிமத் தகராறில் எக்ஸ்.ஆர்க் பிரிஞ்சப்போ அந்தக் கோப்பும் கூடவே வந்துச்சு. இப்போ வேலண்ட் வந்து எக்ஸையே ஓரங்கட்டிட்டு இருக்கு, உண்மைதான். ஆனாலும் கோப்பு இருக்கு. விற்றது பரணில் கிடக்கு, கொடுத்தது இன்னும் ஓடுது.

காலையில் அத்தைகிட்ட அந்த வரியைக் காட்டினேன். "பாருங்க அத்தை, உங்க கிரைண்டர் காசு உலகம் பூரா ஓடிட்டு இருக்கு"ன்னு கொஞ்சம் மிகையா அளந்தேன்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாங்க. "இதுல என்ற பேரு எங்க கண்ணு இருக்குது?"

பதில் சொல்லத் தெரியலை. பெட்டியை மட்டும் நான் எடுத்துட்டு வந்துட்டேன். "தூக்கிப் போடு"ன்னு அதைப் பத்தி மட்டும் அத்தை சொல்லவே இல்லை.

டிஸ்கி: கிரைண்டர் 1999-லேயே வந்துடுச்சு. மாமாவோட முதல் மாசச் சம்பளத்தில். இன்னும் ஓடுது, சர்வரை விட நல்லாவே :-)