தூக்குக்குண்டு காட்டும் திசை

முக்காலியை ஊன்றியதும் சர்வேயர் முதலில் பார்ப்பது குமிழியைத்தான். மூன்று திருகுகளையும் மாற்றி மாற்றித் திருகுவார். குமிழி நடுவட்டத்தில் அசையாமல் நின்ற பிறகே தொலைநோக்கியில் கண் வைப்பார். அவருடைய தொழிலில் 'செங்குத்து' என்றால் தூக்குக்குண்டு காட்டும் திசை. அந்தக் குண்டோ பக்கத்தில் மலை இருந்தால் மயிரிழை அளவு அதன் பக்கம் சாயும். தரைக்கடியில் கனமான பாறை கிடந்தாலும் அப்படியே. அப்போதும் குமிழி நடுவில்தான் நிற்கும். கருவி காட்டிக்கொடுக்காத பிழை என்பதால்தான் இது பொல்லாதது.

பரங்கிமலை அருகே 1802-ல் வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இமயமலையை நெருங்கியபோது இந்தப் பிழை தலைகாட்டியது. கலியானா, கலியான்பூர் நிலையங்களுக்கு இடையே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். முக்கோணங்களின் வழியே கணக்கிட்ட அட்சரேகை வித்தியாசமும் நட்சத்திரங்களை நோக்கி எடுத்த வித்தியாசமும் 5.236 கோண விநாடி முரண்பட்டன. தரையில் அது சுமார் 160 மீட்டர். எவரெஸ்ட் அதை அளவைப் பிழையாக எடுத்துக்கொண்டார்.

கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த கணித வல்லுநர் ஜான் பிராட் விடவில்லை. இமயத்தின் இழுப்பைக் கணக்கிட்டு 1855-ல் வெளியிட்டார். விடை 15.885 விநாடி! மலை இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது. அதே ஆண்டில் வானியலாளர் ஜார்ஜ் ஏய்ரி விளக்கம் தந்தார்: தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைபோல, மலைக்கு அடியிலும் எடை குறைந்த பாறை ஆழமாக இறங்கியிருக்கிறது. நிலம் அளக்கப் போனவர்களின் பிழைக் கணக்கிலிருந்து பூமியின் உட்புறம் தெரியவந்தது. அளவைத் தொழிலுக்கு இதைவிடப் பெரிய பெருமை இருக்க முடியாது.

கிரீன்விச்சில் ஏய்ரி நிறுவிய தொலைநோக்கியும் பாதரசத் தொட்டியைக் கொண்டே செங்குத்தை எடுத்தது. அங்கும் உள்ளூர் ஈர்ப்பில் சற்றுச் சாய்வு உண்டு. அதனால் இன்று ஜிபிஎஸ் காட்டும் பூச்சிய தீர்க்கரேகை, அந்தத் தொலைநோக்கி வகுத்த பூச்சியக் கோட்டுக்குக் கிழக்கே 102 மீட்டர் தள்ளி ஓடுகிறது.

செயற்கைக்கோள் கருவி வந்த பிறகும் கணக்கு தீரவில்லை. அது தரும் உயரம், பூமிக்கு வகுத்த கணித வடிவத்திலிருந்து அளந்தது. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைவு. கடல்மட்டமே அந்த வடிவத்துக்கு 106 மீட்டர் வரை கீழே கிடக்கிறது. அந்தப் பள்ளம் கன்னியாகுமரி வரை நீள்வதால் அதன் கரையில் நின்றாலும் திருத்தாத உயரம் கழித்தல் குறியோடு, 90 மீட்டருக்கும் கீழே காட்டும். தண்ணீர் ஈர்ப்பைப் பார்த்துத்தான் ஓடும். ஆகவே வாய்க்காலுக்கு மட்டம் பார்ப்பவர் அந்த எண்ணை ஈர்ப்பு வரைபடத்தால் திருத்திக்கொள்கிறார். உயரம் தெரிந்த குறியான பெஞ்ச் மார்க்கிலிருந்து லெவல் எடுத்து மறுபடி சரிபார்க்கிறார்.