தையல் போட்ட இடம்

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த லிண்டன் ஜான்ஸன், 1965-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டார். சில நாட்களுக்கெல்லாம் பத்திரிகை நிருபர்கள் முன்னிலையில் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். பார்த்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். கேலிச் சித்திரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கோ அந்த ஒரு காரியத்துக்காகவே அவர் மீது தனி அபிமானம் உண்டு. தழும்பை யாரிடமாவது காட்டிவிட வேண்டும் என்று வருகிற ஆசை, தழும்பு உள்ளவனுக்குத்தான் தெரியும். நான் ஜனாதிபதி அல்லன். நிருபர்கள் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. ஆகவே வாசகர்களிடம் எழுதிக் காட்டுகிறேன்.

என்னுடையது வலது அடிவயிற்றில், மூன்று அங்குல நீளம். குடல்வாலை எடுத்த இடம். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. காந்தியடிகளுக்கு 1924 ஜனவரியில் புனா ஸாஸூன் ஆஸ்பத்திரியில் நடந்ததும் இதே ஆபரேஷன்தான். பாதியில் மின்சார விளக்கு அணைந்துபோய், கை விளக்கின் வெளிச்சத்தில் முடித்தார்கள். எனக்கு விளக்கெல்லாம் ஜோராகவே எரிந்தது. எட்டாம் நாள் தையலைப் பிரித்துவிட்டு, "இனிமேல் இதை மறந்துவிடலாம்" என்றார் டாக்டர். நான் மறக்கத் தயாராகத்தான் இருந்தேன். அது என்னை மறக்கவில்லை.

குனிந்து செருப்பு மாட்டினால் ஒரு சுருக். பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினால் ஒரு சுருக். இடுப்பு வேஷ்டி உரசினாலே சில நாள் எரியும். "ஆறிப்போன புண் எங்கேயாவது வலிக்குமா? கதை எழுதுகிறவர்களுக்கு எல்லாமே கொஞ்சம் ஜாஸ்தி" என்று என் மனைவி தீர்ப்பளித்துவிட்டாள். மாமியார் விளக்கெண்ணெயைச் சுடவைத்துக் கொடுத்தார். அதனால் வேஷ்டிதான் பாழாயிற்று.

ஆறிப்போன புண் என்கிறோமே, உண்மையில் தழும்பு என்பது முடிந்துபோன சமாசாரமே அல்ல. 1740-ல் ஆன்ஸன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தலைவர் உலகைச் சுற்றக் கப்பல்களோடு புறப்பட்டார். வழியில் ஸ்கர்வி நோய் கண்டு மாலுமிகள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். அவர்களிடையே ஒரு கிழச் சிப்பாய். 1690-ல் அயர்லாந்தில் பாய்ன் நதிக்கரைச் சண்டையில் காயம்பட்டவர். காயம் ஆறி ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. ஸ்கர்வி வந்ததும் அது மறுபடி வாயைத் திறந்துகொண்டு, ஒருநாளும் ஆறியே இராததுபோல் ஆகிவிட்டதாம். இப்போது நமக்குக் காரணம் தெரியும். தழும்பைப் பிடித்து வைத்திருப்பது கொல்லாஜன் என்ற நார். கீற்றுக் கூரையைப் போல அதை உடம்பு பழையதைப் பிரித்துப் புதிதாக வேய்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வேலைக்கு வைட்டமின் ஸி வேண்டும். கப்பலில் அது கிடைக்கவில்லை. எவ்வளவு வேய்ந்தாலும் பழைய தோலின் பலத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தழும்புக்கு வருவதில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் வயதான சர்ஜன் ஒருவரிடம் போனேன். மெஷின் எதையும் அவர் நாடவில்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, வலிக்கிற இடத்தை ஒரு விரலால் அழுத்தியபடி, "தலையை மட்டும் தூக்குங்கள்" என்றார். தூக்கினேன். உயிர் போயிற்று. அவருக்குப் பரம சந்தோஷம்! தலையைத் தூக்கினால் வயிற்றுத் தசை கேடயம்போல் இறுகும். வலி உள்ளே குடலில் இருந்தால் குறைய வேண்டும், வெளிச் சுவரில் இருந்தால் அதிகப்படும் என்று விளக்கினார். கார்னெட் என்ற அமெரிக்க சர்ஜன் 1926-ல் சொன்ன உபாயமாம். தழும்பு இறுகும்போது சின்ன நரம்பு ஒன்று அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார். மரத்துப்போகும் மருந்தை அந்த இடத்தில் ஊசியால் ஏற்றினார். ஐந்தே நிமிஷம், இருபது வருஷத்து வலி எழுந்து போய்விட்டது. மருந்தின் வீரியம் தணிந்ததும் பாதி திரும்பி வந்தது, வாஸ்தவம். இன்னும் இரண்டு ஊசிக்குப் பிறகு இப்போது எப்போதாவது எட்டிப் பார்ப்பதோடு சரி.

எல்லோருக்கும் நரம்புதான் என்பதில்லை. கரையாத தையல் நூலின் முடிச்சு வருஷங்கள் கழித்து உறுத்தும். தழும்பின் அடியில் சுவர் விட்டுக் குடல் பிதுங்கும். எதுவுமே அகப்படாமல், நரம்பும் மூளையும் வலிக்குப் பழகிப்போய், தொட்டதையெல்லாம் பெரிதுபடுத்திச் சொல்வதும் உண்டு. அதுவும் நிஜ வலிதான். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தனி வியாதியாகவே உலக சுகாதார ஸ்தாபனத்தின் பட்டியல் ஒப்புக்கொள்கிறது. அந்தப் பட்டியல் அமலுக்கு வந்ததே 2022-ல்தான்.

என் சங்கதி வேடிக்கையாகவே முடிந்தது. என் தங்கை பெண் விஷயம் அப்படியல்ல. இரண்டு பிரசவமும் ஸிஸேரியன். தழும்பின் இடது ஓரத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. மாதாமாதம் நாலு நாள் வலி பிய்த்து எடுக்கும். ஒரு டாக்டர் வாயு என்றார். இன்னொருவர் மனசு சாந்தப்பட மாத்திரை கொடுத்தார். "வீட்டில் நாலு பேர் சாப்பிட வருகிற நாளாகப் பார்த்து இவளுக்கு வலி வந்துவிடும்" என்றார் அவள் மாமியார். அவள் பதில் பேசவில்லை. சமையற்கட்டுக் காலண்டரில், வலிக்கிற தேதிகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று வருஷம்.

என் ஊசி வைபவத்தைக் கேட்ட பிறகு, "மாமா, எனக்கும் யாராவது பார்ப்பார்களா?" என்று கேட்டாள். அழைத்துப் போனேன். அந்த லேடி டாக்டர் வயிற்றைத் தொடுவதற்கு முன்பு காலண்டர் தாள்களைத்தான் வாங்கிப் பார்த்தார். ஆபரேஷன் சமயத்தில் கர்ப்பப்பையின் உட்சவ்வில் துளி தழும்பில் தங்கி வளர்ந்துவிடுவது உண்டு. மாதந்தோறும் அதுவும் வீங்கிக் கசியும் என்றார். ஸ்கான் எடுத்து, கட்டியை அகற்றி, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவர் சொன்னபடியே முடிவு வந்தது.

அந்தக் காகிதத்தை என் மருமகள் வீட்டுக்குக் கொண்டுபோய் மாமியார் கையில் கொடுத்தாள். அந்த அம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.