கேட்டும் சொல்லாத சத்தம்

பி.காம் படிக்கிறவனுக்கு சுத்தியலும் உளியும் எதுக்குடா என்று கேட்காதீங்க மக்களே. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு இரும்பு வளையத்தோடு அஞ்சு மணி நேரம் மல்லுக்கட்டினேன். மிச்சம்: கையில் ரெண்டு கொப்புளம், அப்பாவிடம் ஒரு வாக்குமூலம்.

எங்க வீட்டு வண்டி 1999 மாடல் மாருதி 800. 1983-ல் வர ஆரம்பித்து 2014-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. குறைந்து செல் மதிப்பு முறையில் எத்தனை வருஷம் தேய்மானம் போட்டாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடாது. அப்பா இந்த வண்டியைப் பார்ப்பதும் அப்படித்தான்!

ரெண்டு மாசமாக பின்பக்க இடது சக்கரத்தில் 'ஊம்ம்ம்' என்று ஒரு சத்தம். வேகம் கூடினால் கூடும், கியர் மாற்றினாலும் மாறாது. பேரிங் போகப்போகிறது என்று அர்த்தம். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். எனக்கு நன்றாகவே கேட்டது. சொன்னால் வண்டி ஷெட்டுக்குப் போகும், நண்பர்களோடு போட்ட ஏலகிரி டூர் அம்பேல். அதனால் நான் செய்தது... பாட்டு வால்யூமைக் கூட்டிவைத்தேன்.

ஏலகிரி போய்விட்டு வந்தாச்சு. அடுத்த வாரம் அப்பா, அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்ட துறையூரிலிருந்து திருச்சிக்குக் கிளம்பினார். மண்ணச்சநல்லூர் தாண்டுவதற்குள் கருகல் வாடை, சக்கரம் இறுகி வண்டி இழுத்துக்கொண்டே போய் ஓரமாக நின்றுவிட்டது. பின்னாடி பஸ் எதுவும் ஒட்டி வராதது யார் செய்த புண்ணியமோ.

பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் சாமான்களைக் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து வழி சொன்னார். ஜாக்கி போட்டு, கல் வைத்து, சக்கரத்தைக் கழற்றி, கிரீஸ் மூடி, வளைத்த பின், நட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்தோம். இந்த வண்டியில் பின்பக்க பேரிங் ரெண்டும் டிரம்முக்குள்ளேயே இருக்கும். புல்லர் மாட்டி முறுக்கியதும் டிரம் வந்தது. ஆனால் உள்பக்க பேரிங் உடைந்து, அதன் உள்வளையம் மட்டும் ஆக்சில் மேலேயே ஒட்டிக்கொண்டது. சூட்டில் நீலம் பூத்திருந்தது. துரு எண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் காத்திருந்து தட்டினேன். ம்ஹூம்.

"தம்பி, இதைத் தட்டித் தட்டி எடுக்க முடியாது. வெட்டித்தான் எடுக்கணும்" என்றார் அண்ணன். கண்ணாடி மாட்டிக்கொண்டு, கிரைண்டரால் வளையத்தில் குறுக்காக ஒரு கோடு. முழுசாக வெட்டக்கூடாது, ஆக்சிலில் பட்டால் அதுவும் காலி. நூலளவு விட்டுவிட்டு, அந்தக் கோட்டில் உளியை வைத்து ஓங்கி ஒரு அடி. பேரிங் இரும்பு கடினமானது, வளையாது, விரிசல்தான் விடும். சில்லு தெறிக்கும், அதுக்குத்தான் கண்ணாடி. நாலாவது அடியில் 'டிங்'. வளையம் கையோடு வந்துவிட்டது.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: "ஒரு சத்தம்கூட குடுக்காம திடீர்னு போயிடுச்சு பாருடா."

அதுக்கு மேல் தாங்கவில்லை. "குடுத்துச்சுப்பா. ரெண்டு மாசமா. எனக்குக் கேட்டுச்சு."

திட்டுவார் என்று நினைத்தேன். டார்ச் மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியது. "அம்மா வண்டியில இருந்தாடா" என்றார். அவ்வளவுதான்.

புது பேரிங்கை டிரம்மில் ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும் தட்டணும், உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் பாழாகும் என்று அண்ணன் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று முதல் வருஷமே படித்தோம். வரப்போகும் நஷ்டம் தெரிந்தால் உடனே கணக்கில் கொண்டுவா, லாபம் கைக்கு வந்தபிறகு எழுது. நான் ஏலகிரியை முதலில் எழுதிவிட்டு, பேரிங்கை எழுதாமல் விட்டேன். சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும். கட்டி இழுத்து வந்த கூலியே அதைவிட அதிகம். பணம் போகட்டும், அம்மா இருந்ததை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நேற்று அப்பாவோடு கடைத்தெருவுக்குப் போனேன். வண்டியை எடுத்ததும் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏதாச்சும் கேக்குதாடா?"

ஜன்னலை இறக்கிவிட்டு ஒழுங்காகக் கேட்டேன். "இல்லப்பா" என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே இல்லை.