கூண்டு இறக்கும் நாள்

திருமங்கலத்திலிருந்து கொல்லம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவில்லிபுத்தூரை அடையச் சற்று முன்னர் கிருஷ்ணன்கோவில் என்னும் ஊர் வருகிறது. அங்கே சாலையை விட்டு மேற்கே திரும்புவோருக்கு முதலில் தென்படுவது மலைதான். மேற்குத் தொடர்ச்சி மலை அப்பக்கத்தில் வானத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சதுரகிரிக்கு ஏறுவோர் தாணிப்பாறையை நோக்கிச் செல்வதும் இவ்வழியேதான். மலையில் பெய்யும் மழை பிளவக்கல் அணைகளில் தேங்கிக் கண்மாய்களை நிரப்புவதால், கரிசலும் முள்மரமும் கண்டு களைத்த கண்ணுக்கு இங்கே தென்னந்தோப்பும் நெல்வயலும் விருந்தாகின்றன. வத்திராயிருப்பை அடுத்துள்ள இப்பகுதியில் அமைந்த பேரூராட்சியே வ. புதுப்பட்டி. முதலெழுத்து வத்திராயிருப்பைக் குறிப்பது. தமிழ்நாட்டில் புதுப்பட்டிகள் எத்தனையோ இருக்க, கடிதம் வழிதவறாதிருக்க இந்த ஓர் எழுத்து வேண்டியதாயிற்று.

எழுத்தாளர் பாமாவும் அவருடைய தமையனார் ஆய்வாளர் ராஜ் கௌதமனும் பிறந்த ஊர் இது. பாமா 1992-ஆம் ஆண்டு வெளியிட்ட 'கருக்கு' என்னும் நூல் இவ்வூரைக் கடல் கடந்தும் அறியச் செய்தது. பனைமட்டையின் இரு விளிம்பிலும் அரம்போல் நிற்கும் கூர்மைக்குக் கருக்கு என்று பெயர். குருக்களும் கன்னியரும் எளிதில் விடை சொல்ல முடியாத சில கேள்விகளை அந்நூல் நம் முன் வைத்தது. அவற்றுள் ஒன்று நான் கூற வந்த பொருளோடும் சிறிது தொடர்புடையது. அதனைப் பின்னர்ச் சொல்வேன். நான் கூற வந்தது வண்டிக் கூண்டைப் பற்றி.

நம் இளைஞர் பலர் கூண்டு வண்டியைத் திரைப்படத்தில் மட்டுமே கண்டிருப்பர். உழவர் வீட்டில் வண்டி ஒன்றுதான் இருக்கும். எரு அடிப்பதும், நெல் மூட்டை ஏற்றுவதும், வைக்கோல் சுமப்பதும் அதுவே. திருவிழாவோ திருமணமோ வந்துவிட்டால் அதே வண்டி வீடாக மாறவேண்டும். வண்டித் தட்டின் இருபக்கச் சட்டங்களிலும் துளைகள் உண்டு. அத்துளைகளில் முளைக்கம்புகளை நிறுத்துவர். மூங்கிலைப் பிளந்து வளைத்த வில்போன்ற வளைவுகளை அம்முளைகளோடு சேர்த்துக் கட்டி, நீளவாக்கில் வரிச்சுகளைப் பிணைத்து, மேலே பனையோலைப் பாயையோ கோரைப் பாயையோ போர்த்திவிட்டால் கூண்டு ஆயிற்று. உள்ளே முழங்கால் அளவு வைக்கோல், அதன்மேல் ஜமுக்காளம். வண்டியின் அடியில் தொங்கும் சாக்கில் மாட்டுக்குத் தீனி. அச்சின் அருகே ஓர் அரிக்கேன் விளக்கு. இவ்வளவும் கூடினால் கைக்குழந்தையும் பாட்டியும் இரண்டு இரவு, மூன்று இரவு வழியில் தங்கிச் செல்லத் தடையில்லை.

அன்றைய வேலைப்பாட்டில் நான் வியப்பது ஒன்றுண்டு. கூண்டு கழற்றுவதற்கென்றே கட்டப்பட்டது. ஆணி அடித்து இறுக்கியிருந்தால் திரும்பி வந்த மறுநாள் எருவை எப்படி ஏற்றுவது? ஆகவே எல்லாம் கயிற்றுக் கட்டு. ஒரு முடிச்சை இழுத்தால் அவிழும். ஆனால் வழியில் ஆடி ஆடித் தானாக அவிழாது. அத்தகைய முடிச்சைப் போடத் தெரிந்தவரே கூண்டு கட்ட அழைக்கப்படுவார். திரும்பி வந்தபின் நால்வர் நான்கு மூலையில் நின்று கூண்டை அப்படியே தூக்கித் தொழுவத்து விட்டத்தில் தொங்கவிடுவர். அடுத்த ஆண்டு அதே கூண்டு இறங்கும்.

பாரம் வைப்பதிலும் கணக்கு உண்டு. சுமை முன்னால் மிகுந்தால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் மிகுந்தால் பின்பாரம். நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கூண்டின்மேல் பாத்திரத்தையும் பெட்டியையும் அடுக்க யாரேனும் முனைந்தால் வண்டிக்காரர் அதட்டுவார். மேல்பாரம் ஏறிய வண்டி பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலே குடைசாயும் என்பது அவருக்குத் தெரியும். எந்தப் பள்ளியிலும் படித்து அறிந்ததன்று.

முன்னே சொல்வதாகக் கூறியதை இங்கே சொல்லிவிடுகிறேன். கூண்டு வண்டி எல்லாருக்கும் வாய்த்ததில்லை. வண்டியும் மாடும் நிலமுடையோர் வீட்டுச் சொத்து. மூங்கிலைப் பிளந்தவரும், முடிச்சைப் போட்டவரும், விடிய விடிய மாட்டை ஓட்டியவரும் பெரும்பாலும் அவ்வீட்டுப் பண்ணையில் உழைத்த கூலி மக்கள். அவர்தம் மனைவி மக்கள் அதே திருத்தலத்துக்கு வண்டியின் பின்னே புழுதியில் நடந்தனர். 'அந்தக் காலத்தில் எல்லாரும் எவ்வளவு அழகாய் வண்டி கட்டிப் போனோம்' என்று நாம் பெருமூச்சு விடும்போது, அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தனர் என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

கமுதி, அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரார் கூண்டு வண்டி கட்டி அழகர்கோவிலுக்குச் செல்லும் வழக்கம் இன்னும் அறவே மறைந்துவிடவில்லை. ஆயினும் பொதுவாக மாட்டு வண்டியின் இடத்தை டிராக்டரும், அதன்பின் சிறு சரக்கு வண்டியும் பிடித்துக்கொண்டன. 2005-ஆம் ஆண்டு டாட்டா ஏஸ் என்னும் வண்டி வந்தது. நம் மக்கள் அதற்குக் 'குட்டியானை' என்று பெயரிட்டுவிட்டனர். தேங்காயும் நெல்லும் காய்கறியும் சுமந்து பல குடும்பங்களுக்கு அதுவே சோறு போடுகிறது. முன்பு பின்னால் நடந்தவரின் பிள்ளைகளுள் சிலர் இன்று கடன் வாங்கியேனும் அவ்வண்டிக்கு உரிமையாளராக இருக்கின்றனர் என்பதைக் காண மகிழ்ச்சியே.

வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 திருவிழா. அந்நாள்களில் தென்மாவட்டங்களிலிருந்து நடந்து செல்லும் குழுக்களை நீங்கள் சாலையோரம் கண்டிருப்பீர்கள். மலையடிவாரத்து இவ்வூர்ப் பக்கமிருந்து புறப்பட்டால் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். நடப்போர் நடக்க, அரிசி, பாத்திரம், படுக்கை, தண்ணீர் ஆகியவற்றைச் சுமந்து ஒரு குட்டியானை உடன் செல்கிறது. அவ்வண்டியின் மேல்தான் பழைய கூண்டு புதிய உருவில் மீண்டும் ஏறியிருக்கிறது. நான்கு மூலையிலும் இரும்புக் குழாய்க் கால்கள், மேலே குறுக்கும் நெடுக்கும் குழாய்கள், அவற்றின்மேல் ஒட்டுப்பலகை, பலகையின்மேல் தார்ப்பாய்த் துணியால் ஆன மடிப்புக் கூடாரம், ஏறிச்செல்ல ஓர் ஏணி. இரவில் வண்டி நின்றபின் முதியோர் இருவர் மேலே படுத்துக்கொள்ளலாம். ஈரத் தரையும் பூச்சியும் அவர்களை அண்டா.

மோட்டார் வண்டியின் தலைமேல் கூடாரம் கட்டுவது ஏதோ நம்மூர்ப் பட்டறையின் தனிப் புதுமை என்று எண்ண வேண்டாம். இத்தாலியில் 1958-லேயே இத்தகைய கூடாரம் விற்பனைக்கு வந்தது. பொதுவுடைமை ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியில் டிராபன்ட் என்ற மிகச் சிறிய காரின் கூரைமேல்கூடக் கூடாரம் பூட்டி மக்கள் ஏரிக்கரைகளில் தங்கினர். அந்நாடுகளில் இதற்கென வகுத்த விதி ஒன்றை நாமும் அறிந்திருத்தல் நலம். நிற்கும் வண்டியின் மேற்கூரை தாங்கும் எடை வேறு. ஓடும் வண்டியின் கூரை தாங்கும் எடை வேறு. நிற்கும்போது இருவர் உறங்கத் தகும் சட்டம், ஓடும்போது வளைவிலும் பள்ளத்திலும் பன்மடங்கு இழுபடுகிறது. ஓடும்போது மேலே கூடாரம் மட்டுமே இருக்கலாம். ஆள் இருத்தல் கூடாது. இது வண்டிக்காரர் மேல்பாரத்துக்காக அதட்டியதன் மறுவடிவமே.

திருவிழா முடிந்து ஊர் திரும்பியதும் கூண்டை இறக்கவேண்டும். வண்டி வீட்டுச் சோற்றுக்கு உழைக்கவேண்டுமல்லவா? அன்றியும், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே வண்டியோடு பற்றவைத்த சட்டத்தை விரும்பாது, பூட்டிக் கழற்றும் சட்டத்தை நாடுவதே அறிவு. அப்போதும் புறப்படுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நன்று.

இறக்கும் வேலையைக் கவனித்துப் பார்த்தால் பழைய தொழுவம் நினைவுக்கு வரும். முதலில் கூடாரத் துணி நன்கு உலர்ந்திருக்கவேண்டும். ஈரத்தோடு மடித்தால் ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடித்து நாறும். பின்னர்க் கூடாரத்தைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்டுகளைத் தளர்த்தி, நால்வர் மூலைக்கு ஒருவராக நின்று, ஒருவர் சொல்லுக்கு ஏற்ப ஒரே நேரத்தில் தூக்கவேண்டும். அதன்பின் சட்டம். அதன் பாரம் முழுவதையும் கயிறுகள் தாங்கிய பின்னரே கால்களின் நட்டுகளைக் கழற்றுவர். வண்டியைத் தொழுவத்தின் உள்ளே பின்புறமாக ஓட்டி, சட்டத்தின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி விட்டத்தோடு இழுத்துப் பிடித்து, நட்டுகளைக் கழற்றிவிட்டு, வண்டியை மெல்ல முன்னே எடுத்தால் சட்டம் அந்தரத்தில் நிற்கும், வண்டி வெளியே போய்விடும். விட்டம் தேக்கா, கறையான் அரித்த வேம்பா என்று முன்னரே தட்டிப் பார்ப்பது நலம். கயிறு இழுக்கும்போது அடியில் எவரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கலாகாது.

கழற்றிய நட்டை அதனதன் போல்டிலேயே திரும்பப் பூட்டி, எண்ணெய் தடவி, துணிப்பையில் போட்டுச் சட்டத்திலேயே கட்டிவைக்கும் வீடுகள் உண்டு. தரையில் கொட்டிவைத்துவிட்டு, மறு ஆண்டு விடியற்காலையில் எல்லாரையும் தேடச் செய்யும் வீடுகளும் உண்டு. சட்டத்தின் காலில் 'முன் இடது', 'பின் வலது' என்று வண்ணத்தில் எழுதிவைத்தால் அரைநாள் வேலை மிச்சம். மீண்டும் ஏற்றும்போது எல்லாப் போல்டுகளையும் முதலில் தளர்வாகக் கோத்துக்கொள்ளவேண்டும். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டால் எதிர்மூலைத் துளை நேர்ப்படாது. எல்லாம் அமர்ந்தபின் குறுக்கு மூலைகளாக மாற்றி மாற்றி இறுக்குவது முறை. இரும்பும் இரும்பும் உரசுமிடத்தில் பழைய டியூபு ரப்பரை வைப்பர். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடியபின் நிறுத்தி மறுபடி ஸ்பானர் போடவேண்டும். புதிதாகப் பூட்டியது அதிர்ச்சியில் தளர்வது இயல்பு. 'காலையில்தானே இறுக்கினோம்' என்ற சொல்லால் நேர்ந்த இழப்புகள் மிகப் பல.

இவை அனைத்தினும் நான் அஞ்சுவது உயரத்தைப் பற்றியே. கூண்டு ஏறியபின் வண்டி பழைய வண்டியன்று. ஓட்டுநரோ பழைய பழக்கத்தில் ஓட்டுகிறார். தோப்புக்குள் தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, தெருவில் கட்டிய அலங்கார வளைவு, ரயில் பாலத்தின் அடி ஆகியவற்றில் சென்ற வாரம் தடையின்றி நுழைந்தவர் இன்றும் நுழைந்துவிட எண்ணுவார். தஞ்சைக்கு அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டனர். குமரி மாவட்டத்து இனயம் புத்தன்துறையில் 2025 மார்ச் 1 அன்று, நம் அந்தோணியார் ஆலயத் திருவிழாவுக்கான வேலையின்போது இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நால்வர் உயிர் துறந்தனர். பக்தியோடு வேலை செய்தவர்களே அவர்கள். இரும்பை மேலே உயர்த்தும் எவரும் அதற்கு முன் தலையை உயர்த்திக் கம்பியைப் பார்க்கவேண்டும். கம்பி தாழ்ந்திருந்தால் மின்வாரியத்துக்கு எழுதிக்கொடுத்து, மின்சாரத்தை நிறுத்தச் செய்தபின்னரே வேலையைத் தொடங்கவேண்டும். திருவிழாவுக்குச் சப்பரத்தை டிராக்டரில் ஏற்றும் பங்குகளுக்கும் இது பொருந்தும்.

எடையைப் பற்றி ஒரு சொல். குட்டியானை சுமக்கத் தக்கது 750 கிலோ அளவே. இரும்புச் சட்டமும் பலகையும் கூடாரமும் அதில் ஒரு பங்கை முன்னரே எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியதில் அரிசியும் தண்ணீரும் அடங்கவேண்டும். கால் வலிக்கிறது என்று இரவில் பதினைந்து பேர் ஏறிக்கொண்டால் என்ன ஆகும்? சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல் சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் இழப்பீடும் ஐயத்துக்குரியதாகிவிடும். நடக்க இயலாதவரைப் பேருந்தில் அனுப்புவதில் நேர்த்திக்கடனுக்குக் குறை ஏதுமில்லை. இதைப் பிரசங்க மேடையிலிருந்தே நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். தாய்மார்கள் தலையசைக்கின்றனர், இளைஞர் சிரிக்கின்றனர்.

புறப்படும் நாளில், கூண்டு ஏறியபின், தரையிலிருந்து அதன் உச்சிவரை ஒரு மூங்கிலால் அளந்து, அந்த அளவை ஓட்டுநர் கண்ணில் படும்படி கதவின் உட்புறம் சுண்ணக்கட்டியால் எழுதிவிடுங்கள். அதே மூங்கிலை வண்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வழியில் தாழ்ந்த வளைவோ பாலமோ வந்தால் ஒருவர் இறங்கி அதனைப் பிடித்துப் பார்க்கலாம். மின்கம்பியின் அருகே மட்டும் அம்மூங்கிலை உயர்த்த வேண்டாம். பச்சை மூங்கிலிலும் மின்சாரம் பாயும். அங்கே வண்டியைத் திருப்பி வேறு வழியே செல்லுங்கள்.