கருப்பிக்கு ஒரு லைசென்ஸ்

போடிமெட்டுக்கு மேலே, உடும்பஞ்சோலை தாலுகாவின் ஏலக்காய்த் தோட்டம் ஒன்றில் லயத்தில் குடியிருக்கிறார் அந்தப் பெண். வயது 50-ஐத் தாண்டிவிட்டது. சொந்த ஊர் கம்பத்தை அடுத்த காமயகவுண்டன்பட்டி. கேரளத்து அலுவலகங்களில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் யாராவது ஒருவர் உதட்டுக்குள் சிரிப்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். மலையாளத்தில் பட்டி என்றால் நாய்.

2022 செப்டம்பரில் அவர் பஞ்சாயத்து ஆபீஸ் படியேறியதும் ஒரு நாய்க்காகத்தான். பத்தனம்திட்டா மாவட்டத்தில் நாய் கடித்த 12 வயதுச் சிறுமி, தடுப்பூசி போட்டும் பிழைக்காமல் இறந்துபோயிருந்தாள். மாநிலமே அரண்டு கிடந்தது. ஊர் ஊராகத் தடுப்பூசி முகாம்கள் நடந்தன. நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ மலையாளத்திலும் தமிழிலும் கத்திக்கொண்டு தோட்டத்துப் பாதையில் ஏறி வந்தது.

லயத்தில் அன்று மாலை எழுந்த கேள்வி எளிமையானது. கருப்பி யாருடைய நாய்?

ஆறு வீட்டுச் சோறும் அதற்குத்தான். மழைக்கு முதல் வீட்டுத் திண்ணை, வெயிலுக்குக் கடைசி வீட்டு விறகடுக்கு. காட்டுப்பன்றி வந்தால் குரைத்து எழுப்புவது எல்லோருக்காகவும். ஆனால் பணம் கட்ட வேண்டும் என்றதும் ஐந்து வீட்டுக்காரர்கள் அதைத் தெரு நாய் என்றார்கள். மிச்சமிருந்தது இவர்.

"ஓனர் பேரு?" என்றார் ஆபீசில் இருந்தவர்.

"எம் பேரையே போட்டுக்கங்க சார்."

"வேக்சின் சர்ட்டிபிகேட் உண்டோ சேச்சி?"

முகாமில் கொடுத்த சீட்டு இருந்தது. கட்டணமும் சொற்பம்தான். வாங்கி மடித்து, ரேஷன் கார்டு இருக்கும் பாலிதீன் பைக்குள் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது கேட்டார்: "குட்டி போடாம இருக்க ஊசி ஏதாவது உண்டா சார்? வருஷத்துக்கு ரெண்டு ஈத்து ஈனுது."

அதற்கு அங்கே வழியில்லை.

இந்த ஒரு கேள்வியில்தான் விவகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பன்றிகளுக்கும் நாய்களுக்கும் உரிமம் வழங்குவதற்கான கேரளப் பஞ்சாயத்து ராஜ் விதிகள் 1998-லேயே வந்துவிட்டன. அவற்றைப் பெரும்பாலானோர் மறந்தே போனார்கள். 2021 ஜூலையில், கடற்கரையில் அடித்துக் கொல்லப்பட்ட புரூனோ என்ற நாயின் பெயரால் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், வளர்ப்பு விலங்குகளை ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வைக்கும்படி கேரள உயர் நீதிமன்றம் உள்ளாட்சிகளுக்கு உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அதே நீதிமன்றம் இன்னொன்றையும் செய்தது. பல மாவட்டங்களில் தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்துவந்த குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களுக்கு விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்று அந்தப் பணிக்குத் தடை போட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த இடத்தை நிரப்ப வேறு ஆள் தயாராக இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ரசீதுப் புத்தகத்தைக் கையில் எடுத்த கதை.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தெரு நாய்கள் சுமார் 2.9 லட்சம். வீட்டு நாய்கள் 8 லட்சத்துக்கு மேல். தெருவில் திரிவதைப் போல் இரண்டரை மடங்குக்கும் அதிகமானவை வீடுகளில் இருக்கின்றன. நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாட்கள். வீட்டு நாய் போடும் குட்டிகளில் ஆண் குட்டிக்கு ஆள் கிடைக்கும். பெட்டைக்குக் கிடைக்காது. அந்தப் பெட்டைகள் எங்கே போகின்றன என்பது எல்லைப்புறத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சாக்கில் கட்டி, இருட்டியதும் பைக்கிலோ ஜீப்பிலோ கொண்டுபோய் அடுத்த மாநிலத்தில் இறக்கிவிடுவார்கள். மேலே இருப்பவர்கள் மலைப்பாதையின் கீழ் வளைவுகளில். கீழே இருப்பவர்கள் மெட்டுக்கு மேலே. சோதனைச் சாவடியில் ரேஷன் அரிசி மூட்டையைத் தேடுவார்கள், கஞ்சாவைத் தேடுவார்கள். முனகும் சாக்கை அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் உத்தரவில்லை.

பாலக்காடு பக்கம் இதற்கு மலைகூடத் தேவையில்லை. சித்தூர் தாலுகாவின் கிழக்கு விளிம்பில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி வட்டாரத்தில், தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் நடுவே எல்லை ஓடுகிறது. இரு பக்கமும் தமிழ் பேசுகிறார்கள். கேரளத்திலிருந்து இறைச்சிக் கழிவு ஏற்றி வந்த லாரிகளைத் தமிழக எல்லைக் கிராமத்தார் மறித்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. நாயும் எல்லை தாண்டுகிறது, நாய்க்கான தீனியும் தாண்டுகிறது. லைசென்ஸ் மட்டும் பஞ்சாயத்து எல்லையோடு நின்றுவிடுகிறது.

கட்டணத்தால் பயனே இல்லையா? உண்டு, விதிக்கும் விதத்தில் விதித்தால். சிங்கப்பூரில் கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டு உரிமக் கட்டணம் 15 டாலர், செய்யாததற்கு 90. லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் 20 டாலரும் 100 டாலரும். நாய் வைத்திருப்பதற்காக அல்ல, அது குட்டி போடும் சாத்தியத்துக்காகவே அங்கே பணம் வாங்குகிறார்கள். மாறாக, பிரிட்டன் எல்லா நாய்க்கும் ஒரே கட்டணமாக 37 பென்ஸ் வசூலித்து வந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் கட்டவே இல்லை. 1987-ல் அந்த உரிமமுறையையே கைவிட்டார்கள். கேரளத்தின் 1998 விதிகள் உரிமத்தை வெறிநோய்த் தடுப்பூசியோடு முடிச்சுப் போட்டன, கருத்தடையோடு அல்ல. தடுப்பூசி உயிர் காக்கும், சந்தேகமில்லை. அது நாய்களின் எண்ணிக்கையைக் குறைக்காது. சென்னை மாநகராட்சியும் 2025 இறுதியில் செல்ல நாய் உரிமத்தைக் கட்டாயமாக்கி, எடுக்காதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்றது. அந்த மிரட்டல் அண்ணாநகருக்கு எடுபடும். லயத்தில் 5,000 ரூபாய் அபராதம் என்றால் அன்றிரவே சாக்கு தயாராகிவிடும்.

இது புதிய சண்டையும் அல்ல. 1926-ல் அகமதாபாத் ஆலை முதலாளி அம்பாலால் சாராபாய் தன் வளாகத்தில் திரிந்த 60 நாய்களைக் கொல்ல வைத்தபோது, காந்தி அதற்குப் பரிந்து 'யங் இந்தியா'வில் தொடர்ந்து எழுதினார். ஜீவகாருண்யம் பேசியவர்கள் கொதித்துப்போனார்கள். நாய் என்றால் ஒரு உடைமையாளர் இருக்க வேண்டும், தெருவில் சோறு போட்டுவிட்டுப் போவது கருணை ஆகாது என்பது அவர் வாதம். அதே ஊசலாட்டம்தான் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்திலும். 11-ம் தேதி டெல்லி நாய்களையெல்லாம் பிடித்து அடையுங்கள் என்றது. 22-ம் தேதி, கருத்தடையும் ஊசியும் முடித்து, வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று மாற்றியது.

அகமதாபாத்துக்கும் டெல்லிக்கும் இடையில் கருப்பி எங்கே வருகிறது? அது வளர்ப்பு நாயும் அல்ல, தெரு நாயும் அல்ல. மத்திய அரசின் 2023 விதிகள் 'சமுதாய விலங்கு' என்றொரு சொல்லைத் தருகின்றன. லயத்துக்குப் பொருத்தமான சொல்தான். ஆனால் சமுதாயத்தின் பேரில் ரசீது போட முடியாது.

லைசென்ஸ் வந்த நான்காவது மாதம் கருப்பி ஆறு குட்டி போட்டது. நான்கு பெட்டை. சாக்கோடு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "இப்ப எம் பேருல இருக்கு தம்பி. நாளைக்கு எந்தக் குழந்தையையாவது கடிச்சா எங்கிட்டத்தான வருவாங்க?" என்றார் அவர். தம்பி தலையைச் சொறிந்துகொண்டு போனார். சிறு வயதில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டுக்கொண்டவர் அந்தப் பெண். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2005-க்குள் கைவிட்டுவிட்டது. வலியை அவர் மறக்கவில்லை.

பிறகு லயத்தில் வசூல் நடந்தது. நாய் தன்னுடையது இல்லை என்ற ஐந்து வீட்டுக்காரர்களும் கொடுத்தார்கள். கீழே தமிழகப் பக்கம் ஒரு தனியார் கால்நடை மருத்துவர் கருத்தடை செய்ய ஒப்புக்கொண்டார். செலவு சில ஆயிரம், பல நாள் கூலி. கூலியாட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் ஜீப்பில் கருப்பியை ஏற்றினார்கள்.

"அக்கா, நாய்க்கும் ஒரு சீட்டுக் காசு குடுத்துரணும்" என்றார் டிரைவர்.

"ஏத்துப்பா. லைசென்ஸ் உள்ள நாயி."

தையல் பிரித்த பிறகு மருத்துவர் கொடுத்த சான்றை எடுத்துக்கொண்டு அவர் மறுபடியும் பஞ்சாயத்து ஆபீஸ் போனார். ஆள் மாறியிருந்தார். புதியவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டார். அடுத்த வருஷம் பணம் குறையுமா என்று இவர் கேட்டார். குறையாது என்று பதில் வந்தது. சான்றை லைசென்சோடு சேர்த்து அதே பாலிதீன் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

நான்கு பெட்டைக் குட்டிகளில் ஒன்றை அணைக்கரை பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எடுத்துப்போனார். ஒன்று செத்தது. மற்ற இரண்டும் லயத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு இன்னும் யார் பேரிலும் லைசென்ஸ் எடுக்கவில்லை.